நான்கு மணிக்குள் ஒரு பிழை

எழுத்து விழவில்லை. ரத்தினபாய் விசைகளை ஒவ்வொன்றாக, எட்டு முறை அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் விசை அமுங்கி எழுவது விரல் நுனிக்குத் தெரிந்தது, ஆனால் கறுப்புத் திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றவில்லை. கடவுச்சொல் கேட்ட வரியின் முடிவில் வெள்ளைக் கட்டம் ஒன்று சிமிட்டிக்கொண்டு நின்றது, வினாத்தாளைப் பார்த்தபடி பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மாணவியைப் போல. மணி இரண்டு நாற்பது. நான்கு மணிக்கு ஆவுடைநாயகம் தொலைபேசியில் கூப்பிடுவார். அதற்குள் இந்த மடிக்கணினியில் பழைய தமிழ் எழுத்துருக்களை நிறுவ வேண்டும். நிறுவினால்தான் பதினேழு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிக் கொடுத்த சிலந்திப் புத்தகத்தைப் படிக்க முடியும், படித்தால்தான் அதில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்க முடியும், ஒரு பிழை, ஒன்றே ஒன்று போதும், அதைத்தான் அன்றைக்கே கண்டேன் என்று அவரிடம் சொல்லிவிடலாம். இப்போது கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் மாறிமாறிக் கொட்டிக் கிடக்கின்றன, நூற்று முப்பத்திரண்டு பக்கம். அந்தக் குப்பையில் பிழை தேட முடியாது. அல்லது அதில் பிழை தவிர வேறொன்றும் இல்லை. இப்படி வேடிக்கையாகத் தனக்குள் சொல்லிக்கொள்ள முடிந்தது அவளுக்கு அருவருப்பாக இருந்தது; வேடிக்கை செய்யும் நேரமா இது, வேடிக்கை செய்யும் தகுதிதான் உண்டா.

திங்கட்கிழமை அழைத்திருந்தார். அறியாத எண். "மேடம், நான் ஆவுடைநாயகம் பேசுதேன். நம்ம காலேஜ்ல, ஜுவாலஜி லேப்ல இருந்தேம்லா?" என்று, முப்பது ஆண்டுகள் அவள் கேட்ட தவளையையும் குடுவையையும் கேட்ட நிமிடத்தில் கொண்டுவந்து வைத்த மனிதர், தன்னை நினைவிருக்கிறதா என்று ஐயப்பட்டுக் கேட்டார். ஆய்வக உதவியாளர். பள்ளி இறுதியோடு நின்றவர். அந்த ஆய்வகத்தின் மூலைமுடுக்கெல்லாம் திரிந்த சிலந்திகளை உருப்பெருக்கி வைத்துப் பார்த்துப் பார்த்து, மதிய உணவு நேரத்தில் துறையின் கணினியில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தமிழில் ஒரு புத்தகமே எழுதியவர். "மேடம், அந்த சிடி உங்ககிட்ட இருக்குமா? எங்கிட்ட இருந்ததெல்லாம் மழைவெள்ளத்துல போயிட்டு." இருக்கிறது என்றாள். இருப்பதில் ஐயமே இல்லை, எந்த அட்டைப்பெட்டியில் எந்த அடுக்கில் என்பதுகூடத் தெரியும். அவர் நன்றி சொன்னார். "நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் மேடம் சரி. திருத்தாம அச்சுக்குக் கொடுத்திருந்தேன்னா மானம் போயிருக்கும். நீங்க ஒருத்தங்கதான் என்னை ஆளா மதிச்சு உள்ளதைச் சொன்னீங்க." அவள் பேசாமல் இருந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். எதைப் பாத்துட்டு அப்படிச் சொன்னீங்க? எனக்கா ஒண்ணு தோணும், இதுவா இருக்கும்னு. ஆனா உங்க வாயால கேட்டதில்ல. இப்பமாவது சொல்லுங்க." அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு ஒரு மூச்சு அளவுக்கு இடைவெளி இருந்தது. அவள் சொன்னது வேறு: "மறுபடியும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன். வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுங்க." மறுபடியும். அந்த ஒரு சொல்லை வாயில் வைத்தது யார்? 'பார்த்துட்டுச் சொல்றேன்' என்று மட்டும் சொல்லியிருந்தால் பொய்யில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு முன் சொன்ன பொய்க்குச் சோர்வு, வேலை, அவசரம் என்று எதையாவது காரணம் காட்டலாம். திங்கட்கிழமை அவளுக்கு என்ன வேலை இருந்தது? அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

விசைப்பலகை செத்துவிட்டதோ? கடைக்காரர் பீர் மைதீன் மவுஸ் வந்த அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் கட்டளையை எழுதிக் கொடுத்திருந்தார். இந்தப் பழைய மடிக்கணினி முன்பிருந்த இயங்குதளத்தை இனித் தாங்காது என்று இரண்டு வாரம் முன்பு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவரும் அவரே. "பயப்படாதீங்க டீச்சர், இது நம்ம மாதிரி, சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது" என்றார், எதில் எவருடன் தன்னைச் சேர்த்துக்கொண்டார் என்பது அவளுக்கு விளங்கவில்லை. அட்டையில் இருந்ததை அப்படியே, இடைவெளியும் சிறுகோடும் பிசகாமல், கறுப்புச் சாளரத்தில் அடித்திருந்தாள். உடனே அது ஓர் அறிவுரையைக் காட்டியது: பிறருடைய அந்தரங்கத்தை மதிக்க வேண்டும், தட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். முதன்முறை நுழைகிற எல்லோருக்கும் சொல்வது போலும். தட்டுவதற்கு முன் யோசி. முப்பத்துநான்கு ஆண்டுகள் இதையே வேறு சொற்களில் வகுப்பில் சொன்னவளுக்கு, கன்னத்தில் சூடு ஏறியது. பிறகு கடவுச்சொல். பிறகு இந்த மௌனம். விசைப்பலகையைச் சோதித்தால் தெரிந்துவிடும் என்று, எழுதுவதற்கான வேறொரு சாளரத்தைத் திறந்து, தமிழுக்கு மாற்றி, கைக்கு முதலில் வந்ததை அடித்தாள். ஆவுடைநாயகம். பிசிறின்றி விழுந்தது. இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது. கறுப்புச் சாளரத்துக்குத் திரும்பிக் கடவுச்சொல்லை மீண்டும் அடித்தாள், திரை வெறுமையாகவே இருக்க, துணிந்து என்டரைத் தட்டினாள். தவறு, மீண்டும் முயல்க. மீண்டும். தவறு. மூன்றாவதும் தவறு என்று சொல்லிவிட்டு அது அவளை வாசலுக்கு அனுப்பியது. தன் கடவுச்சொல்லே தனக்கு மறந்துவிட்டதா? எழுபத்தொரு வயது. இப்படித்தான் ஆரம்பிக்கும் என்கிறார்கள், தெரிந்த ஒன்று தெரியாததாகும், பிறகு இன்னொன்று. ஒரு கணம், மிகச் சிறிய கணம், அது ஆறுதலாகக்கூட இருந்தது: மறதி வந்துவிட்டால் நான்கு மணிக்கு எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிடலாம், அது பொய்யாகவும் இருக்காது. அந்த ஆறுதலைக் கண்டு அவள் அதிர்ந்து, கைபேசியை எடுத்து பீர் மைதீனை அழைத்தாள்.

"டீச்சர், பாஸ்வேர்டு அடிக்கும்போது அது ஒண்ணும் காட்டாது. கூச்சம் ஜாஸ்தி அதுக்கு. நீங்க பாட்டுக்கு அடிச்சு என்டரைத் தட்டுங்க" என்றார் அவர், பின்னால் ஏதோ ஒரு பிரிண்டர் இழுத்து இழுத்துக் கத்தியது. தட்டினேன், மூன்று முறை தவறென்றது என்றாள். "மூணு தடவையா? அப்ப இருங்க. மேல வலப்பக்க மூலைல என்ன எழுத்து இருக்கு பாருங்க." பார்த்தாள். அங்கே, நகக்கண் அளவில், 'த' என்று இருந்தது. பீர் மைதீன் சிரித்த சிரிப்பில் கைபேசி அதிர்ந்தது. "தமிழ்ல மாத்திட்டு அப்படியே விட்டுட்டீங்க டீச்சர். விரலு சரியாத்தான் அடிச்சிருக்கு, அது அத்தனையையும் தமிழ் எழுத்தால்லா வாங்கியிருக்கு? கண்ணுக்குத் தெரியாததால உங்களுக்குத் தெரியல. முப்பது வருசமா பிள்ளைங்க பேப்பரைத் திருத்தினீங்க, இப்ப அது உங்க பேப்பரைத் திருத்துது." அவளும் சிரித்தாள், சிரிக்காமல் இருப்பது மரியாதையில்லை என்பதால். கண்ணுக்குத் தெரியாததால். ஆவுடைநாயகத்தின் பெயரை அடிக்கப் போய்த்தான் இது வந்தது. மூலையை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கடவுச்சொல்லை அடித்தாள். ஏற்றுக்கொண்டது, ஏற்றுக்கொண்ட மறுகணமே வேறொரு வரி வந்தது, பூட்டைப் பெற இயலவில்லை, இரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழாம் எண் செயல் அதைப் பிடித்திருக்கிறது என்று. "அது உள்ளுக்குள்ள தன்னால அப்டேட் ஆயிட்டிருக்கு டீச்சர். ஒரு நேரத்துல ஒருத்தருதான் உள்ள போகலாம், அதான் பூட்டு. காத்திருங்க. பூட்டை உடைக்குத கமாண்டுன்னு நெட்ல ஒண்ணு போட்டிருப்பான், அதைத் தொட்டுராதீங்க, எல்லாம் கெட்டுப்போகும்." எவ்வளவு நேரம்? "பத்து நிமிசமும் ஆகலாம், அரைமணியும் ஆகலாம். ஏன் டீச்சர், அவசரமா?" இல்லை என்றாள். இன்று எத்தனையாவது பொய்?

மணி மூன்று ஐந்து. மின்விசிறி சுழன்று, சுவரில் மாட்டியிருந்த வேதவசன அட்டை நாள்காட்டியை ஒருமுறை தூக்கிப் போட்டது. காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. காத்திருப்பது என்றால் அந்த வாசலைப் பார்ப்பது. துறைத்தலைவராக அவள் இருந்த அறையின் வாசல், பச்சை வண்ணக் கதவு, அதன் பாதியில் ஆவுடைநாயகம், காக்கிச் சட்டை, கையில் குறுந்தகடு வைத்த பழுப்பு உறை. "மேடம், சும்மா பாருங்க. அச்சுப் போடுத ஒருத்தங்க, துறைத்தலைவர் ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா போடுதோம்ங்காங்க." கல்லூரியை மதிப்பிட ஆய்வுக் குழு வரவிருந்த வாரம். மேசையில் நான்கு வண்ணங்களில் கோப்புகள். "வச்சிட்டுப் போங்க" என்று, நிமிராமல், இடக்கையால் மேல் இழுப்பறையைத் திறந்து காட்டினாள். அவர் தாமாகவே உறையை உள்ளே வைத்தார், கத்தரிக்கோல்களுக்கும் ஊசிகளுக்கும் பக்கத்தில், வாசகங்கள் மேலே தெரியும்படி நேராக்கி. அது நேராக வைக்கப்பட்டதைக் கண் ஓரத்தில் பார்த்தாள், அதைப் பார்த்த நினைவுதான் இத்தனை ஆண்டுகளும் தங்கியிருக்கிறது. குழு வந்தது, போனது. மூன்று வாரம். தினமும் அந்த இழுப்பறையைத் திறந்தாள், கத்தரிக்கோல் எடுத்தாள், மூடினாள். உறையைத் திறக்காமல் விட்டது ஒரு நாளல்ல, பதினெட்டு வேலைநாள். பிறகு ஒரு மாலை அதே வாசலில் அவர் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதுதான் அவளுக்குச் சினத்தை மூட்டியது. "நிறையத் திருத்தணும், ஆவுடைநாயகம். அவசரப்படாதீங்க" என்றாள். நான்கு நொடி இருக்கும். சொல்லி முடித்ததும் தான் சொன்னது எவ்வளவு பொருத்தமாக, எவ்வளவு அக்கறையாக ஒலித்தது என்று வியந்தாள், அந்த வியப்பும் நினைவிருக்கிறது. "சரிங்க மேடம்" என்றார். ஒரு அடி பின்னால் வைத்தார். "அது உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். திருத்தி வேற தாரேன்." தரவில்லை. ஓராண்டு கழித்து ஒருநாள், புத்தகம் என்னாயிற்று என்று அவளே கேட்டதாக நினைவு. கேட்டாளா? கேட்டிருந்தால் அது எத்தகைய துணிச்சல். கேட்கவில்லை என்றால் அது எத்தகைய கோழைத்தனம். இரண்டில் எது நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க முயன்று மனம் அந்த இடத்திலேயே சுற்றியது, பூட்டு இன்னும் திறக்கவில்லை, இரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பொறாமை என்றால்கூட ஒரு மதிப்பு இருந்திருக்கும். பொறாமைப்பட்டிருந்தால் திறந்து பார்த்திருப்பாள். அவளுடைய துறை மீன், மீனின் காதுக்குள் இருக்கும் கல். சிலந்தியில் அவளுக்குப் போட்டியில்லை. அவள் நினைத்தது இவ்வளவுதான்: ஆய்வக உதவியாளர் எழுதினால் திருத்தத்தான் வேண்டியிருக்கும். இதைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், சொல்லிவிட்டாள். இதே ரத்தினபாய்தான் இளநிலை மாணவியரின் பதிவேட்டில்கூட ஒவ்வொரு வரியையும் படித்து, தவளையின் இதயத்தில் அம்புக்குறி ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டவள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை, ஓய்வுபெறும் விழாவில் இதை வாய்விட்டே சொன்னாள், அரங்கம் கைதட்டியது, மூன்றாம் வரிசை ஓரத்தில் ஆவுடைநாயகமும் தட்டினார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கூடுதலாக. அவர் அதை நம்பினார். எல்லோரையும்விட அவருக்குத்தான் அதை நம்ப வேண்டியிருந்தது. இன்றைக்குத் திறந்து, ஒரு பிழையைத் தேடி எடுத்து, இதோ இதுதான் என்று கொடுத்தால் அவருக்கு என்ன நட்டம்? கேட்டதற்கு விடை கிடைக்கும். பிழை உண்மையான பிழையாகத்தான் இருக்கும், தேதி மட்டும்தான் பொய். அவருடைய அமைதியைக் குலைக்க எனக்கு என்ன உரிமை, இந்த வயதில், அவருடைய இந்த வயதில்? வாதம் நன்றாக அமைந்திருந்தது. ஒவ்வொரு கண்ணியும் பொருந்தியது. அவ்வளவு நன்றாகப் பொருந்துகிற வாதத்தை ஒரு மாணவி எழுதியிருந்தால், இதை எங்கிருந்து பார்த்து எழுதினாய் என்று கேட்டிருப்பாள்.

மூன்று இருபத்தொன்பதுக்குக் கட்டளையை மறுபடி அடித்தபோது பூட்டு விலகியிருந்தது. திரையில் வரிகள் ஏறின, இவை புதிதாக நிறுவப்படும், இவ்வளவு இடம் பிடிக்கும், தொடரலாமா? ஆம் என்பதற்கு ஒரு பெரிய ஒய், இல்லை என்பதற்கு ஒரு சின்ன என். பெரிய எழுத்தில் இருப்பதுதான் அது எதிர்பார்க்கிற விடை என்று பீர் மைதீன் சொல்லியிருந்தார். ஒன்றும் எழுதாமல் தட்டினாலும் ஆம் என்றே எடுத்துக்கொள்ளுமாம். சும்மா இருந்தாலும் ஆம். பேசாமல் இருப்பதற்கும் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவர் நன்றி சொன்னபோது அவள் பேசாமல் இருந்தாளே, அதுவும் ஆம்தான். வேண்டுமென்றே ஒய் என்பதை அடித்தாள், அடித்துவிட்டுத் தட்டினாள். பன்னிரண்டு விழுக்காடு. பத்தொன்பது. பத்தொன்பதிலேயே நின்றது. தெருவில் மீன்காரம்மா காலையில் விற்காத மிச்சத்தைக் குறைத்துக் கூவிப் போனாள், அந்தக் குரல் மூலை திரும்பும்வரை பத்தொன்பது. இணையம் அறுந்துவிட்டதோ, பாதியில் நின்றால் உள்ளதும் கெட்டுவிடுமோ, கெட்டுவிட்டால் புத்தகம் போய்விட்டது என்றே சொல்லிவிடலாம், மன்னியுங்கள், குறுந்தகடு பூசணம் பிடித்துவிட்டது. எவ்வளவு எளிது, அவர் ஒரு நொடிகூட ஐயப்படமாட்டார், பரவால்ல மேடம் என்பார், நீங்க என்ன செய்வீங்க என்று அவளைத் தேற்றவும் தேற்றுவார். அவர் தேற்றுகிற குரல் காதில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நாற்பத்து நான்கு. அறுபது. அவிழ்க்கப்படுகிறது, அமைக்கப்படுகிறது. நூறு. கடைசியில் வாழ்த்தோ மணியோ ஒன்றும் இல்லை, வெள்ளைக் கட்டம் மட்டும் மீண்டும் சிமிட்டியது, அடுத்து என்ன என்பதுபோல்.

கோப்பைத் திறந்தாள், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள், பழைய எழுத்துருவின் பெயரைப் பட்டியலில் தேடித் தட்டினாள். குப்பை ஒருமுறை குலுங்கியது. அடுத்த நொடி தமிழாக இருந்தது. நூற்று முப்பத்திரண்டு பக்கமும். மூன்று ஐம்பது. நம் கல்லூரிக் கட்டடத்துச் சிலந்திகள், எழுதியவர் சு. ஆவுடைநாயகம், ஆய்வக உதவியாளர். முதல் பக்கத்தைச் சிவப்புப் பேனா பிடித்த கண்ணோடு படித்தாள், வேகமாக, வேட்டையாடுவதற்காக. "சிலந்தியைப் பார்க்க வேண்டுமானால் முதலில் நாம் அசையாமல் இருக்கப் பழக வேண்டும். எனக்கு இது வேலையினாலேயே பழகியிருந்தது. தேர்வு நடக்கும்போது ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் சுவர் ஓரமாக நிற்பேன்." திருத்த ஒன்றுமில்லை. இரண்டாம் பக்கம். வாக்கியங்கள் குட்டையாக, தேவையான இடத்தில் நின்றன. மூன்றாம் பக்கத்தில் ஓர் அளவைக் கொடுத்துவிட்டு, "இது என் கண்மதிப்பு, தவறாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தார். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு பக்கமும் நன்றாக இருக்க இருக்க, புத்தகம் மோசமாக இருக்கவேண்டும் என்று அவள் எவ்வளவு வேண்டியிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. கடைசிப் பக்கத்துக்குத் தாவினாள். அங்கே அகப்பட்டது: மேற்கோள் நூற்பட்டியல் இல்லை. ஒரு நூலின் பெயர்கூட இல்லை. பட்டியல் இல்லாத நூலை எந்தத் துறைத்தலைவர் பரிந்துரைப்பார்? குறை உண்மை, நியாயமானது, ஐந்து சொல்லில் சொல்லிவிடக்கூடியது. நூற்பட்டியல் இல்லை, அதனால்தான் அப்படிச் சொன்னேன். ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தாள். நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது.

மூன்று ஐம்பத்தேழுக்குக் கைபேசி ஒலித்தது.

"மேடம், நாலு ஆகலைன்னு தெரியும். இருக்க முடியல."

"பரவாயில்ல, ஆவுடைநாயகம்."

"கெடச்சுதா?"

"கெடச்சுது. திறந்து வச்சிருக்கேன். நூத்து முப்பத்திரண்டு பக்கம்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "ஆமா. நூத்து முப்பத்திரண்டு" என்றார், மெதுவாக, ஒரு பிள்ளையின் எடையைச் சொல்வதுபோல். அவர் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை. அந்த ஓசை தள்ளிப் போயிற்று, தனியாக ஓர் இடத்துக்கு நகர்ந்திருப்பார். "அப்பம் சொல்லுங்க மேடம்."

நூற்பட்டியல் இல்லை. சொல் வாய்க்குள் தயாராக இருந்தது. அதை எடுப்பதற்காக வாயைத் திறந்தவள், அவர் மறுமுனையில் அசையாமல் நிற்பதை உணர்ந்தாள். சுவரோரம் மூன்று மணி நேரம் நிற்கத் தெரிந்த மனிதர், என்ன சொன்னாலும் அதை வாங்கிக்கொண்டு போய் மிச்ச நாளெல்லாம் வைத்திருப்பார்.

"நான் படிக்கலை" என்றாள்.

"எது மேடம்?"

"அன்னைக்கு நான் அதைப் படிக்கலை, ஆவுடைநாயகம். இழுப்பறையை விட்டு வெளியவே எடுக்கலை. படிக்காமலேதான் திருத்தணும்னு சொன்னேன். திங்கட்கிழமை மறுபடியும் பார்க்கிறேன்னு சொன்னேன் பாருங்க, அதுவும் பொய். முதல் தடவையாப் படிக்க ஆரம்பிச்சது இன்னைக்கு, மூணு ஐம்பதுக்கு."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசித் திரையைப் பார்த்தாள், நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன. மன்னித்துவிடுங்கள் என்றாள். அந்தச் சொல் அவரை எட்டியதாகவே தெரியவில்லை.

"நான் நாலாவது அத்தியாயம்னு நெனச்சேன்" என்றார் கடைசியில்.

"என்ன?"

"நீங்க மனசுல வச்சது நாலாவது அத்தியாயத்தைன்னு நெனச்சிட்டேன். எச்சில் துப்புத சிலந்தி. சிலந்தி துப்பும்னா எவன் நம்புவான், அதான் மேடத்துக்குப் பிடிக்கலன்னு. ஒரு வருசம் மாத்தி மாத்தி எழுதிப் பாத்தேன். வரல. எழுதின தாளைக் கிழிச்சிட்டேன், கம்ப்யூட்டர்லயும் அழிச்சிட்டேன். அது போனபெறகு மத்தது நிக்கல மேடம், நொண்டிட்டு. அத்தோட விட்டுட்டேன். பொறவு சிலந்தியைப் பாத்தாலும் வெளக்குமாறைத்தான் எடுத்தேன். அந்த அத்தியாயம் சரியாத்தான் இருந்துதா?"

நன்றாக இருந்தது என்று சொல்லச் சொல்லி மனம் துடித்தது. "தெரியாது. நான் இன்னும் அதுவரைக்கும் போகலை" என்றாள்.

"அப்போ இதை ஒருத்தரும் படிக்கல."

"ஒருத்தரும் படிக்கலை."

"நல்லா செஞ்சீங்க மேடம்" என்றார் ஆவுடைநாயகம். குரலில் கோபம் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம். பிறகு, "வாசிங்க" என்றார். "நாலாவதை. சத்தமா வாசிங்க. எப்படி எழுதினேன்னே மறந்துட்டு."

கைபேசியை மேசையில் வைத்து, குரல் வெளியே கேட்கும்படி மாற்றி, அறுபத்தோராம் பக்கத்துக்கு இறங்கினாள். கண்ணாடியைத் துடைக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "இந்தச் சிலந்தி இரை பிடிக்க வலை கட்டுவதில்லை" என்று வாசித்தாள். "வேதிப்பொருள் அறையில் மூன்றாவது அலமாரிக்குப் பின்னால், மரத்துக்கும் சுவருக்கும் நடுவில், பகலெல்லாம் அசையாமல் இருக்கும். நடந்தால் அவசரப்படாது. இரைக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்று, முன்னங்காலால் காற்றில் அளந்து பார்க்கும். பிறகு துப்பும். துப்புவது பசை. அது இரையை நின்ற இடத்திலேயே தரையோடு ஒட்டிவிடும். இதற்கு ஆறு கண்கள்." அவள் நின்றாள். நிற்க நினைக்கவில்லை, முப்பத்துநான்கு ஆண்டுப் பழக்கம் தானாக நிறுத்தியது.

"ஆறுன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். "சிலந்திக்கு எட்டு."

செய்ததையே திரும்பவும் செய்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். இப்போது சரிங்க மேடம் என்பார், ஒரு அடி பின்னால் வைப்பார், பிறகு அழைக்கமாட்டார்.

"இதுக்கு ஆறுதான்." மேடம் என்று சேர்க்கவில்லை, அப்படிச் சேர்க்காமல் அவர் அவளிடம் பேசி அவள் கேட்டதில்லை. "லென்ஸ் வச்சு எண்ணியிருக்கேன். மூணு சோடி, ஒவ்வொண்ணும் தள்ளித் தள்ளி இருக்கும். நாப்பது சிலந்தி பாத்தாச்சு, ஒண்ணுக்குகூட எட்டு இல்ல. நீங்க எத்தனையை எண்ணியிருக்கீங்க?"

அவள் ஒன்றையும் எண்ணியதில்லை. பாடநூலில் எட்டு என்று இருந்தது, எட்டு என்று சொல்லிக்கொடுத்தாள்.

"ஒண்ணுகூட இல்லை" என்றாள் ரத்தினபாய்.

"அப்பம் ஆறுன்னே வாசிங்க."

"இதற்கு ஆறு கண்கள்" என்று, அந்த வரியை முதலிலிருந்து, தெளிவாக வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.